கற்பூரம் அடித்தால் கை சும்மா இருக்குமா?

கை உடைந்த பெண்ணை, உடைத்த கணவனோடே வீட்டுக்கு அனுப்ப எங்கள் தோட்டக் குடியிருப்புக் கோயில் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்விதான் அந்தப் பெண். பிள்ளைகளோடு இப்போது என் வீட்டில் இருக்கிறாள்.

இன்று காலை ரஹாங் ஊர் மளிகைக் கடையில் கோயில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, விசயம் செட்டில் ஆயிருச்சு லா. அம்மன் முன்னால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டான். இனிமே கை வைக்க மாட்டான்."

"போன தீபாவளிக்கும் பண்ணானே."

"அது சி ரூசா ஊர்க் கோயில் லா. நம்ம அம்மன் பவரே வேற."

வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னார்: "சாமிக்குப் பயப்படுறவன் மொதத் தடவையே பயந்திருப்பான்."

தலைவருக்குக் காது கேட்கவில்லை.

"பொண்ண எப்பக்கா அனுப்புறீங்க?"

"அனுப்ப மாட்டேன்."

"குடும்பத்தப் பிரிச்சவங்கன்னு பேரு வரும்."

"வரட்டும் லா."

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செல்வி போலீசில் புகார் கொடுக்கப் போகிறாள். நாளைக் காலை அதற்குக் கோயில் வேனைத் தலைவர் அனுப்ப வேண்டும். அவன் என் வாசலுக்கு வராமல் கமிட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பள்ளி உடுப்பை அவனுடைய அம்மா எடுத்துக் கொடுக்க வேண்டும். திரும்பிப் போவதா வேண்டாமா என்பதைச் செல்வி முடிவு செய்ய வேண்டும்.

மற்றவர்கள் கருத்தை இந்தப் பதிவின் கீழே எழுதலாம். வேன் எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தலைவர் எழுதலாம்.