நாகஜோதியின் வலது தோள்

ஓடைப்பட்டிப் பக்கம் முத்துராஜாவின் திராட்சைத் தோட்டத்தில் நாகஜோதிக்குத் தெரியாத வேலை இல்லை. மார்க்கையன்கோட்டைக்கு வாழ வந்த புதிதிலேயே அங்கே வேலைக்குப் போக ஆரம்பித்தவள். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கவாத்து வெட்டுவாள், கொடியை இழுத்துக் கட்டுவாள், கொத்து அறுப்பாள். அந்தத் தோட்டத்தில்தான் ஓர் ஐப்பசி மழைக்காற்றில் ஓரத்துக் கல்தூண் சாய்ந்து, கம்பியும் கொடியுமாகப் பந்தல் சரிந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஜக்கம்மாவை இடது கையால் தள்ளிவிட்டாள். தான் விலக நேரம் இருக்கவில்லை. தூண் அவளுடைய வலது தோளில் விழுந்தது.

எலும்பு சேர்ந்துவிட்டது. கை மட்டும் தோளிலிருந்து எழும்பவில்லை. விரல்கள் மடங்கின, டம்ளரைப் பிடித்தன, கையெழுத்துக்கூடப் போட்டன. ஆனால் கொண்டை போட முடியாது, கொடியில் துணி காயப்போட முடியாது. கணவன் வேலுச்சாமி அவளுக்குத் தலை சீவிவிடப் பழகிக்கொண்டான். வகிடு கோணலாகத்தான் வரும்.

முத்துராஜா ஆரம்பத்தில் நல்லபடியாகத்தான் இருந்தார். கொட்டகையில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கிற வேலையைக் கொடுத்தார். கங்காணி கர்ணனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. விரலெல்லாம் நன்றாக மடங்குகிறது, டீ கிளாஸைப் பிடிக்கிற கைக்குக் கத்தரியைப் பிடிக்க வராதா என்று கேட்டான். நடிக்கிறாள் என்றான். நாலு பேர் அதையே சொல்ல ஆரம்பித்ததும் முத்துராஜாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் நம்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஊனத்தை அளந்து சான்றிதழ் கொடுக்கும் முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அப்படியொரு கூட்டம். அவள் முறை வந்தபோது டாக்டர் அவள் கையைப் பிடித்து மேலே தூக்கினார், பக்கவாட்டில் கொண்டுபோனார், சுற்றினார். கை அவர் இழுத்த பக்கமெல்லாம் போனது. மூட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இருபத்தைந்து சதவீதம் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாற்பது இருந்தால்தான் எந்தச் சலுகையும் உண்டு. அதைவிடப் பெரிய வினை தோட்டத்தில் காத்திருந்தது. இருபத்தைந்துதானே, பந்தலுக்கே போ என்றார் முத்துராஜா.

போனாள். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கொத்துக்கு நேரே நின்றாள். கை நெஞ்சு மட்டத்தைத் தாண்டவில்லை. கர்ணன் பார்த்துக்கொண்டே நின்றான், சிரிக்கவும் செய்தான். நாகஜோதி கத்தரியைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்தாள்.

"இன்னையோட இங்கன வேலைக்கு வரமாட்டேன். ஆனா நடிக்கிறேன்னு சொன்னீகள்ல, அதை மட்டும் நான் விடப்போறதில்ல."

மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னவன் கொழுந்தன் வினோத்ராஜ். கூடவே ஒரு யோசனையும் சொன்னான்.

"இந்தவாட்டி கையைத் தொங்கப் போட்டுருங்க மதினி. விரலையும் அசைக்காதீக. அப்படித்தான் எல்லாரும் வாங்குறாக."

"விரல் நல்லாத்தானப்பா இருக்கு. அது எதுக்குச் சாகணும்?" என்றாள் நாகஜோதி.

பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அவள் தனியாகவே கிளம்பினாள். தேனியில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனாள். போட்டது போட்டதுதான் என்று ஒருவர் சொன்னார். அடுத்த திங்களும் போனாள். அதற்கடுத்த திங்களும் போனாள். போகிற இடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: கையைத் தூக்கியது டாக்டர், என்னை யாரும் தூக்கச் சொல்லவே இல்லை. பேருந்துச் செலவுக்குக் காசு புரட்டிப் புரட்டி அலுத்து வேலுச்சாமியே ஒருநாள் போதும் விட்டுவிடு என்றான். அவள் அடுத்த மனுவை எழுத உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் அவனே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

கடைசியில் மருத்துவக் குழுவின் முன்னால் வரச்சொல்லி அழைப்பு வந்தது. பார்த்தவர் ஹேமாவதி என்ற எலும்பு டாக்டர். எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கு என்றார் அவர். நாகஜோதி தூக்கினாள். கை விலாவை விட்டுக் கொஞ்சம் விலகியது. தோள்பட்டை மொத்தமாகக் காதுப்பக்கம் ஏறியது. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. போதும் என்றார் டாக்டர்.

"இன்னுங் கொஞ்சம் வரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள் நாகஜோதி.

"ஏம்மா, நீ இப்படித் தூக்கத் தூக்க உனக்குத்தான் சதவீதம் குறையும், தெரியுமா?"

"குறையட்டும் டாக்டரம்மா. வர்ற வரைக்கும் எழுதுங்க. வராததையும் வரும்னு எழுதிராதீக."

ஹேமாவதி தானே அந்தக் கையை மேலே தூக்கி, அங்கேயே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மெல்ல விட்டார். கை பொத்தென்று விழுந்தது. சதை வற்றிக் குழிந்திருந்த தோளை அழுத்திப் பார்த்தார். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். தூண் விழுந்த வேகத்தில் கையைத் தூக்குகிற தசைக்குப் போகும் நரம்பு செத்துப்போயிருந்தது அதில் தெரிந்தது. மூட்டுக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் அடுத்தவர் தூக்கினால் கை போகிறது, உன் பலத்தில் போகாது, இனி அது திரும்பவும் வராது என்று டாக்டர் விளக்கினார். முகாமில் மூட்டின் அசைவை மட்டும் பார்த்திருக்கிறார்கள், தசையின் பலத்தை அளக்கவில்லை என்றும் சொன்னார். வலது கை, நிரந்தர ஊனம், நாற்பத்தைந்து சதவீதம் என்று சான்றிதழ் வந்தது.

இனி வராது என்று கேட்ட அன்று வழியெல்லாம் பேருந்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சின்னமனூரில் இறங்கியதும் டீ வாங்கி, வேண்டுமென்றே வலது கையில் பிடித்துக் குடித்தாள்.

விஷயம் தெரிந்து முத்துராஜா கொட்டகை வேலைக்கே வரட்டும் என்று ஆள் அனுப்பினார். வந்தது ஜக்கம்மாதான். கூப்பிடுகிறார், போவோமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நாகஜோதி அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினாள், பதில் சொல்லி அனுப்பவில்லை. அதற்குள் அவள் வேறு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர் தேவைப்பட்டார். பத்தாவது பாஸானவள், எழுதத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் சான்றிதழைப் பார்த்த அலுவலர் இழுத்தார். நாற்பத்தைந்து சதவீதம் என்றால் இத்தனை ஆட்களை எப்படி மேய்ப்பாய் என்று கேட்டார்.

"அது என் வலது கைக்குப் போட்டது சார். நல்லா வாசிச்சுப் பாருங்க. எனக்குப் போடல."

வாசித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். சரி, நீங்கள் யோசிக்கிறவரை இங்கேயே இருக்கிறேன் என்று எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் நாகஜோதி. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அவள் மனுவில் கையெழுத்து ஆகிவிட்டது.

இப்போது காலையில் கண்மாய்க் கரையில் அவள் குரல்தான் கேட்கிறது. பொம்பளை சொல்லி மண் வெட்டுவதா என்று முதல் வாரம் முனகியவர்கள் உண்டு. வெட்டாவிட்டால் வருகை விழாது என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னாள், வெட்டினார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கைபேசியை இடது கையில் உயர்த்தி வருகைப் படம் எடுப்பாள். பிடித்துக் கொடுக்கட்டுமா என்று யாராவது பக்கத்தில் வந்தால், போய் வரிசையில் நிற்கச் சொல்வாள். படத்தில் முகம் இல்லாதவருக்கு அன்றைக்கு வருகை கிடையாது.