பத்திரிகையில் ஒன்றும் இல்லை

2009 சித்திரையில், நாங்கள் குடியேறியிருந்த, ஜெர்மன் பேசும் வின்டர்தூர் நகரில், பள்ளியின் கடைசி வருட ஆய்வை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் நேச நாட்டுப் படைகள் பழைய பத்திரிகைகளை மூடிவிட்டு, தாங்கள் விசாரித்துத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் புதிதாகப் பத்திரிகை நடத்த அனுமதி கொடுத்த கதை அது. அந்தப் பத்திரிகைகள் அந்தப் படைகளைக் குறைசொல்லி எழுத முடியாது. வாசகரைக் குழந்தைப்பிள்ளையாக நடத்த இவர்கள் யார் என்று பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளியிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஜெர்மன் மொழிக்கு நான்தான் வாய். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் முதல் பத்திரிகை வரை நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். வெளியேறட்டோ என்று மாசியில் அவர் தொலைபேசியில் கேட்டபோது, "அங்கேயே நில், அதுதான் பாதுகாப்பு" என்றவர் அப்பா. அப்பா நம்பிப் பார்த்த தமிழ்த் தொலைக்காட்சி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு மாமாவின் அழைப்பு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமாவின் ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயர் பத்திரிகையில் வந்தது. ஆஸ்பத்திரியில் எறிகணை விழுந்திருந்தது.

"என்ன போட்டிருக்கு பிள்ளை?" என்றார் அப்பா.

"ஒண்டும் இல்லையப்பா. இன்டர்லாக்கன் பக்கம் ரயில் பிந்துதாம்."

அவர் முகம் தெளிந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த மூன்று நாளும் அதையே செய்தேன். பத்திரிகைகளைப் பழைய கடதாசிக் கட்டுக்குள் செருகினேன்.

சனிக்கிழமை அப்பா கடைக்குப் போனதும் அம்மா அந்த நான்கையும் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே சொல்லின் கீழ் பேனாக் கோடு. அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. ஆனால் மாமாவுக்குப் போன கடித உறைகளிலெல்லாம் அந்த ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியவர் அவர்தான். அதை நான் மறந்துவிட்டேன்.

"எத்தினை வருஷமா இந்தப் பேரை எழுதுறன். எனக்குத் தெரியாதோ? முழுக்க வாசி."

வாசித்தேன். ஊழியர்கள் இறந்தார்கள் என்ற வரியையும் விடவில்லை. அம்மா அழவில்லை.

"இவர் நில் எண்டு சொன்ன இடம்" என்றார்.

கதவில் சாவி திரும்பியது. அப்பா சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார். "பிள்ளை, இண்டைக்கு என்ன போட்டிருக்கு?"

நான் வாய் திறக்குமுன் அம்மா பத்திரிகைகளை மடித்தார்.

"ஒண்டும் இல்லையாம்" என்றார்.