தூங்குகிற தாத்தாவின் படம்

டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வரும். அட்டுவம்பட்டிக்கு மேலே உள்ள சரிவில், பனி முழுசாக விலகாத ஒரு காலையில், ஒரு வெள்ளைக்காரம்மா என் தாத்தாவைப் படம் வரைந்த வாடை அது.

தாத்தாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சோறு தின்னும்போதுகூட ஒரு கை எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும். கூலிக்குப் புதர் வெட்டுகிறவர். அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டில் திருட்டு விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது ஃபாரஸ்ட் கார்டின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிடிபட்டால் ‘வெட்டருவா’ பறிபோகும். அது போனால் வீட்டில் உலை ஏறாது. விறகைப் புதருக்குள் தள்ளிவிட்டு, அருவாளைப் பாறைமேல் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து, முகம் மட்டும் தெரியக் கம்பளியைப் போர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்துச் சரிவில் ஏறிவந்த வெள்ளைக்காரம்மா, பெட்டியை விரித்து வரைய ஆரம்பித்துவிட்டார். வந்த கார்டு எதையும் தேடாமல், அந்தம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று வாய்பிளந்தார்.

“ஏ புள்ள, உங்க தாத்தாவா?”

“ஆமாங்க. ராத்திரியெல்லாம் இருமலுங்க.”

“எழுப்பிராத. படம் முடியட்டும்.”

படம் எங்கே முடிந்தது? கம்பளிக்குள் தாத்தா நெளிந்தார்.

“தூக்கத்துல ஆடுறாரு பாரு, தோளப் புடிச்சுக்க” என்று கார்டே அதட்டினார்.

பிடித்தேன். “அவன் போயிட்டானா?” என்று கம்பளி முனகியது.

“இல்ல தாத்தா. தொப்பியச் சரி பண்றாரு. அவரையும் வரையணுமாம்.”

கம்பளி சொன்ன பதிலை இங்கே சொல்ல முடியாது.

கடைசியில் அந்தம்மா கார்டை வரைய ஏரிப்பக்கம் கூட்டிப்போனார். எழுந்த தாத்தா, கால் மரத்து அப்படியே விழுந்தார். கிடந்தபடியே, “வெரசா அருவாள எடுடி!” என்றார். அருவா பிழைத்தது.

அந்தப் படம் இப்போது அதே சரிவில் கட்டிய விடுதியில் தொங்குகிறது. அங்கே வேலை பார்க்கிற என் பேத்தி என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, கீழே ‘ஓய்வு’ என்று போட்டிருப்பதைப் படித்துச் சொன்னாள். சுற்றுலா வந்த ஒரு தம்பி, “ஒழைச்ச மனுசன் மொகத்துல என்னா நிம்மதி!” என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

“கிட்டப் போயி அந்தத் தாடையப் பாருங்க தம்பி” என்றேன்.

போய்ப் பார்த்தார். “பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காரு! ஏன் பாட்டி?”

காடு போய்விட்டது. பாறை கட்டடத்துக்கு அடியில் கிடக்கிறது. அந்தக் கார்டும் என்றைக்கோ போய்விட்டார். அதைத் தாத்தாவுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் போகட்டும், எழுந்துவிடலாம் என்று இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.