பாதியில் நின்ற நான்கு கம்ப்யூட்டர்கள்

‘சமூகம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. லினக்ஸ்காரர்கள் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும் சொல் அது.

மலைக்குக் கீழே டிப்ளமோ முடித்துவிட்டுக் கொல்லிமலையில் எங்கள் குண்டூர் நாட்டுக்கே திரும்பி, மிளகு விவசாயிகள் சங்கத்தின் அறையொன்றில் கம்ப்யூட்டர் மையம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சான்றிதழுக்கு மனுப் போடக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டே இறங்க வேண்டியிருந்த பெண்களுக்கு அந்த அறைதான் கதி. இருந்தவை நான்கும் யாரோ கழித்துக்கட்டிய பழசுகள், நொண்டியடித்தன. மாதக் கடைசிக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் அறை உரக் கிடங்காகும் என்று சங்கம் சொல்லிவிட்டது.

பழைய கம்ப்யூட்டருக்கும் உயிர் கொடுக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒன்று உண்டு, உலகமே கூடி எழுதிச் சும்மா தருகிறது என்று இணையக் குழுவொன்றில் படித்தேன். எங்கள் மலையிலும் அப்படித்தான். ஒருவர் காட்டில் களையெடுப்பு என்றால் ஊரே இறங்கும். கூலி கிடையாது, வேலை முடிந்ததும் அந்த வீட்டில் சோறு. இவர்களும் நம் ஆட்கள்தான் என்று நம்பி அந்தக் குழுவை அழைத்தேன்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் வேனில் வந்தார்கள். வேலையைக் காட்டப் போன என்னை அம்மா தடுத்தார். “மலையேறி வந்தவிங்கள வெறும் வயித்தோட வேலை வாங்கறதா கண்ணு? மொதல்ல சோத்தைப் போடு.”

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, குச்சிக்கிழங்கு. படமெடுத்துப் படமெடுத்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஒருவர் மென்பொருள் விடுதலை பற்றி நெடுநேரம் முழங்கினார். ஸ்டிக்கர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தவர்கள், நிறுவ வேண்டிய மென்பொருளை முழுதாகக் கொண்டுவரவில்லை. நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்களாம். ஒரு மனுவை அனுப்பவே நெட் திணறும் குண்டூர் நாட்டில்! இருந்ததை அழித்தாயிற்று, புதியது பாதியில் நின்றது.

“இருட்டறதுக்குள்ள எறங்கணும் அக்கா. நெட் வந்தா தானா முடிஞ்சிரும்.” வேன் போய்விட்டது.

மறுநாள் சங்கத்தார் வந்து நான்கு கறுப்புத் திரைகளைப் பார்த்தார்கள். அடுத்த வாரமே உர மூட்டைகள் இறங்கின. பெண்கள் மறுபடி வாந்தியெடுத்துக்கொண்டு கீழே போனார்கள். குழுவில் கேட்டேன். “எல்லாம் திறந்துதானே இருக்கு அக்கா, நீங்களே முடிச்சிருக்கலாமே” என்று பதில் வந்தது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் எங்கள் சோற்றின் படம், ‘கொல்லிமலையிலும் வளர்கிறது நம் சமூகம்’ என்ற தலைப்போடு. வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

சங்கம் வெளியே தள்ளிய நான்கையும் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். எந்த நாட்டுக்காரரோ, முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் நான் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் எழுதினார். அவர் புண்ணியத்தில் ஒன்று ஓடுகிறது. பெண்கள் இப்போது வீட்டுக்கு வருகிறார்கள். அந்த மனிதர் என்றைக்கு வந்தாலும் அவருக்கு இலை போடுவேன். மீதி மூன்றும் மூலையில் கிடக்கின்றன.

போன வாரம் குழுவிலிருந்து போன். “இந்த வருசமும் வரலாமா அக்கா? அந்தச் சாப்பாட்டை மறக்கவே முடியல.”

“வாங்க,” என்றேன். “ஆனா இந்தத் தடவை வேலை முடிஞ்சாத்தானுங்க சோறு.”