கற்பூரம் ஏற்றச் சொன்ன இடம்

சில வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜையன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இன்ஜினியராக வேலை பார்த்தது ஒரு சின்ன கம்பெனியில். பெயின்ட் கம்பெனிகள் உபயோகித்துத் தள்ளிய அழுக்குத் தின்னரை வாங்கி, உயரமான டவரில் கொதிக்க வைத்து, டொலுவீனையும் சைலீனையும் தனித்தனியாகப் பிரித்து விற்போம். இரண்டுமே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்கிற சரக்கு. பிரிக்கும் வேலைக்குச் சூடு, சூடு, மேலும் சூடு. பாய்லர் ராப்பகலாக எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும்.

இதைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. டவர் உச்சியில் வரும் சூடான ஆவியை வெறுமனே தண்ணீரில் ஆற்றிவிடுகிறோமே, அந்தச் சூட்டிலேயே உள்ளே போகும் தின்னரை முதலில் காய்ச்சிக்கொள்ளலாம். வாங்குபவர் கேட்கும் சுத்தம் வந்த பிறகும் திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பதை விட்டுவிடலாம். முதலாளியிடம் படம் போட்டுக் காட்டிக் கெஞ்சினேன். "பார்க்கலாம்மா" என்றார். புதிதாக ஒரு மெஷின் வாங்க வேண்டியிருந்தது, அதுதான் அவருக்குக் கசந்தது.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடைசியில் மிஞ்சும் ஆவி வெளியே தப்பாமல் அதைக் குளிரவைத்துப் பிடிப்பதற்கென்று ஒரு சில்லர் மெஷின் இருந்தது. நன்றாகக் கரண்ட் இழுக்கும். அதை நிறுத்திவிட்டார். கதை முடிந்தது. மின்கட்டணம் குறைந்தது, யாரோ கூட்டம் போட்டு எரிசக்தியைச் சேமித்ததற்காக அவருக்கு ஒரு ஷீல்டும் கொடுத்தார்கள். கை தட்டியவர்களில் ஒருவராவது எப்படிச் சேமித்தாய் என்று கேட்டிருக்கக் கூடாதா?

பிடிபடாத ஆவி எங்கே போகும்? காற்றைவிடக் கனம், தரையில்தான் வந்து படியும். அங்கேயே நின்று வேலை செய்த ஆபரேட்டர் அண்ணன் நெமிலிச்சேரிக்காரர், என்னைச் சொந்தத் தங்கையாக நினைத்து மரியாதையாகப் பழகுவார். "தல கிர்ருனு கீது மேடம். ஒரு டீ அட்ச்சா சரியா பூடும்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். நான் போய்ச் சொன்னதற்கு, "இந்த வாசனை அவனுக்குப் புதுசா?" என்றார் முதலாளி.

எங்களைப் போன்ற கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. டவருக்குச் சந்தனம், குங்குமம், மாலை மட்டும். கற்பூரமும் பூசணிக்காயும் கேட்டுக்கு வெளியேதான். தீப்பெட்டியை வாட்ச்மேன் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். சாமிக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் முதலாளிக்கு வீடியோ வேண்டியிருந்தது. ஷீல்டை டவரின் காலடியில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் தரையில் கற்பூரத் தட்டு. டவர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி சூடேற்ற ஸ்டீம் வீணாகுமாம், அதிலும் சிக்கனம். தீப்பெட்டி அவர் சட்டைப் பையிலேயே வந்திருந்தது. முதலாளியை யார் சோதிப்பது?

குங்குமம் வைக்கக் குனிந்தேன். கண் எரிந்தது. காற்றில் ஆவி கூடினால் எச்சரிப்பதற்காக என் இடுப்பில் இருந்த வாயுக் கருவி வீல் என்று அலறியது.

"அத ஆஃப் பண்ணும்மா, வீடியோல கேக்குது" என்றார் முதலாளி.

சொன்னவர் தீப்பெட்டியை ஆபரேட்டர் அண்ணனிடம் நீட்டினார். "நீதான்யா சீனியர், நீயே ஏத்து." அண்ணன் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். குச்சியை எடுத்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. தீப்பெட்டியையும் குச்சியையும் அவர் கையிலிருந்து பிடுங்கிப் பூஜைச் சொம்புத் தண்ணீரில் முக்கினேன். அப்படியே கண்ட்ரோல் ரூமுக்கு நடந்துபோய்ச் சில்லரின் சுவிட்சைப் போட்டேன்.

"நல்ல நாள் அதுவுமா அபசகுனம் பண்றியே, உனக்கெல்லாம் சாமி பயமே இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். நீங்களே சொல்லுங்கள், யாருக்குப் பயம் இருந்திருக்க வேண்டும்? ஒரு கிழி கிழித்திருந்தால் அந்த அண்ணன் முதலில் எரிந்திருப்பார், அடுத்து நாங்கள் எல்லோரும். அதை நேருக்கு நேர் சொன்னேன். அடுத்த வாரமே என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கிளம்பும்போது ஆபரேட்டர் அண்ணன் பஸ் ஸ்டாப் வரை வந்தார். "எங்க ஊட்ல இத சொல்லாத மேடம், பயந்துக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அடக்கியிருந்த அழுகை அங்கே வந்தது.

அந்தச் சில்லர் மட்டும் அதற்குப் பிறகு நிற்கவில்லை. மற்ற ஆபரேட்டர்களையும் சேர்த்துக்கொண்டு, அது ஓடாவிட்டால் டவரை ஓட்ட மாட்டோம் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். இப்போதும் எப்போதாவது போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "ஓடிகினு கீது மேடம்" என்பார்.

இன்று நான் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று யார் வந்து பெருமையாகச் சொன்னாலும் என் கை தட்டுவதற்கு எழுவதில்லை. எதை நிறுத்தினீர்கள், அதன் பக்கத்தில் நிற்பது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.