அண்ணன் நிழல் போடாத படம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர், நண்பர் பலரின் வீட்டுச் சுவரில் அவர் செய்துகொடுத்த குடும்பப் படம் இன்றும் தொங்கும். அதனால் அந்தப் படங்களைப் பற்றியே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. கூடப் பிறந்து, கூடவே வேலையும் பார்த்த தங்கை என்ற உரிமை மட்டும் உண்டு.

அண்ணன் வருசநாட்டில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது அப்பா இறந்தார். மாலை போட அப்பாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அந்த வெறுஞ்சுவர்தான் அண்ணனைக் கேமரா பக்கம் தள்ளியது என்று அம்மா சொல்வார். கல்யாண வீடுகளில் லைட் பிடித்து, பட்டினி கிடந்து, அல்லிநகரத்தில் ஸ்டுடியோ வைத்தார். கணவரை இழந்து நான் திரும்பி வந்தபோது, "அழுதுக்கிட்டே வேணும்னாலும் வேலையக் கத்துக்க" என்று என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்.

பச்சைத் துணி முன்னால் நிற்கும் குடும்பத்தை அண்ணன் கம்ப்யூட்டரிலேயே மேகமலைத் தேயிலைச் சரிவிலோ வைகை அணைப் பூங்காவிலோ கொண்டுபோய் நிறுத்துவார். இறந்தவரையும் சேர்க்கச் சொல்லி வாக்காளர் அட்டையை நீட்டுவார்கள். அதில் முகம் மட்டும்தானே இருக்கும்? வேட்டி சட்டையில் தன்னையே எடுத்துவைத்திருந்த படத்தில் அந்த முகத்தைப் பொருத்துவார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலர் அண்ணனின் உடம்போடுதான் நிற்கிறார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடு இருப்பவர் காலடியில் நிழல் போடுவார், இறந்தவருக்குப் போட மாட்டார். வாங்கிப் போனவர்கள் யாரும் கவனித்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "நெழலு விழணும்னா வெயில்ல நிக்கணும்ல. அவுக எங்கன வந்து நின்னாக?" என்றார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் பிள்ளைகள் இருவரையும் என்னையும் பச்சைத் துணி முன்னால் நிறுத்தி, நடுவில் தானும் நின்றார். "சொந்தக் குடும்பத்தையும் வெட்டி ஒட்டித்தானா? ஒரு வேன் புடிச்சு மேகமலைக்குக் கூட்டிட்டுப் போனா என்னவாம்?" என்று அண்ணி கேலி செய்தார். "அதுக்கெல்லாம் நேரம் பத்தாது" என்றார் அண்ணன். முகூர்த்த மாதம், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டோம்.

படத்தை அவரே முடித்து, பிரிண்ட் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். தேயிலைச் சரிவில் எங்கள் நால்வருக்கும் நிழல் இருந்தது. அண்ணன் காலடி மட்டும் வெறுமையாக இருந்தது. அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது என்று சிரித்துக்கொண்டே நிழலைப் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "வெயிலு பக்கம் பாத்துச் சரியாப் போட்டுருக்க" என்றார்.

இரண்டே மாதத்தில் போய்விட்டார். காரியம் முடிந்தபின், ஆல்பம் அட்டைகளுக்கு அடியில் மதுரை ஆஸ்பத்திரிக் காகிதங்கள் கிடைத்தன. இனிப் பிழைக்க வழியில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே எழுதியிருந்தார்கள். "பிரிண்ட் பேப்பர் வாங்கப் போறேன்னுதானம்மா மதுரைக்குப் போனாக" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு அண்ணன் மேல் கோபமில்லை. என் மேல்தான் கோபம். வாயால் சொல்ல முடியாததை, நான் ஒருத்தி மட்டும் புரிந்துகொள்ளும்படி எனக்குச் சொன்னார். நான் அதைப் பிழை என்று திருத்திவிட்டேன். "ஏண்ணே விட்டீக?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதமும் அவர் தனியாகப் பயந்திருக்க வேண்டியதில்லை.

அவர் திடீரென்று படுத்துவிட்ட கடைசி நாட்களில் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு காத்திருந்த பக்கத்துக் கடைக்காரருக்கும், சமைத்து அனுப்பிய தெருக்காரர்களுக்கும், வருசநாட்டிலிருந்து வந்து தோள்கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இம்மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். நான் போட்ட நிழலை நானே எடுத்துவிட்டுக் கொடுத்தேன். நேற்று அச்சகத்திலிருந்து போன் வந்தது. "அக்கா, நடுவுல நிக்கிறவருக்கு மட்டும் நெழலு விட்டுப்போச்சு. நாங்களே போட்டுரட்டுமா?"

போடாதீக என்றேன்.