பத்து வீட்டுக்கு ஓர் ஆள்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் பத்து வீட்டுக்கு நான் தலைவன். சண்டைக்கு முன்பு ரப்பர் கடை ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். எழுதப் படிக்கத் தெரியும், வாயும் இருந்தது. அந்த வாயைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. யாரையும் அதட்ட மாட்டேன். ‘நீ’ என்று சொல்ல மாட்டேன், ‘நாம’ என்பேன். கட்டளை போட மாட்டேன், கேள்விதான் கேட்பேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, நான் நினைத்ததை அவர்களே சொல்லும்படி செய்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட, பத்து வீட்டுக்கு ஓர் ஆள். மறுநாள் லோரி வரும். பெயர் கொடுக்காவிட்டால் அவர்களே வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மலாக்காவுக்கு வந்த ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர்கள், ஆளை விடுவார்களா? எங்கள் பக்கத்திலிருந்து முன்பு போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

பத்து வீட்டிலும் கல்யாணமாகாத ஆண்கள் இரண்டே பேர். ஒருவன் என் தம்பி. இன்னொருவன் பெண்டஹாரா சாலைத் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்த தையற்காரன். சொந்தம் என்று ஊரில் யாரும் இல்லாதவன். உத்தரவைப் படித்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் என் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். அவித்து வைத்த மரவள்ளிக்கிழங்கைத் தொட ஆளில்லை.

“யார் போறதுன்னு நாம பேச வேணாம்,” என்று ஆரம்பித்தேன். “யாரால போக முடியாதுன்னு மட்டும் பார்ப்போம்.” எல்லார் முகத்திலும் உயிர் வந்தது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வம்சம். வீட்டில் மலாய்தான் பேச்சு என்பதால் மலாயில் கேட்டேன். ஐந்து பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை என்றார். “நியாயம்தானே?” என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்து, கால் ஊனமான மாட்டுவண்டிக்காரர். அதற்கும் தலையாட்டல். ஆட்ட ஆரம்பித்த தலை லேசில் நிற்காது என்று எனக்குத் தெரியும். மூன்றாவதாகத்தான் தம்பியைக் கொண்டுவந்தேன்.

“நம்ம தம்பிக்குப் போன மாசம்தான் மலேரியா. நீங்கதான் கஞ்சி கொண்டாந்து கொடுத்தீங்க, இல்லண்ணே?” என்று கோடிவீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“ஆமாலா, பாவம்,” என்றார்.

தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் அவன் ஒரு சுமை விறகு பிளந்திருந்தான்.

இப்படியே வீடு வீடாகக் கேட்டு முடித்தேன். “அப்ப நாம என்ன செய்யலாம்?” நான் யார் பக்கமும் திரும்பவில்லை. மற்றவர்கள் திரும்பினார்கள்.

கதவோரம் இருந்த தையற்காரன் எழுந்தான். “எல்லாரையும் கேட்டீங்க கிராணியாரே. என்னைய மட்டும் கேக்கலையே?”

நான் தாளைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“இப்பவாச்சும் கேளுங்க,” என்றான்.

கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவான். சொன்னால் மிச்சம் என் தம்பிதான். அந்தப் பயத்தில் வெட்கம்கூட இல்லாமல் போயிற்று எனக்கு. “சரி, நாம எல்லாரும் ஒத்துக்கிட்டோம்,” என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்து அவன் பெயரை எழுதினேன்.

மறுநாள் அவன் லோரியில் ஏறினான். திரும்பி வரவே இல்லை. தம்பி கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்தான். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வீட்டில் எந்தப் பேச்சானாலும் நான் ‘நாம’ என்று ஆரம்பித்தால், அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.